எதிர் நாற்காலி

1998 பிப்ரவரி 14, சனிக்கிழமை, பகல் இரண்டு மணி. டல்லாஸ் நகரம், ஓக் கிளிஃப், ஓய்வுபெற்ற பஸ் தொழிலாளர் சங்கத்தின் பின் அறை. வந்திருந்தவர்கள்:

லூஷியஸ் டாலிவர், 68. முப்பத்தொரு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர். மனைவி இறந்து ஆறு வருஷம்.

வெர்னெல் பிக்ஸ், 71. அதே டிப்போவில் மெக்கானிக். இரண்டு கல்யாணம், இரண்டு விவாகரத்து.

ரேஃபோர்ட் காய்ன், 66. தபால் இலாகா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் சண்டைக்கு வருவார்.

இன்னும் எட்டுப் பேர். பஸ், தபால், ஒருவர் பள்ளிக்கூட வாட்ச்மேன்.

டாக்டர் ராமசுப்ரமணியன், 53. நரம்பு வைத்தியர், மறதி நோய் ஆராய்ச்சி ஒன்றின் தலைவர். ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்.

தாமரைச்செல்வி, 34. அவரிடம் வேலை பார்ப்பவள். சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம், குடியிருப்பது டல்லாஸை ஒட்டிய ரிச்சர்ட்சன்.

பட்டியலை எழுதியவள் செல்விதான். எழுதி முடித்த பிறகுதான் ஒன்று அவள் கண்ணில் பட்டது. பதினோரு கறுப்பின ஆண்கள் வந்திருந்தார்கள், ஒருவர் வீட்டிலும் மனைவி இல்லை. தேதியைக் குறித்தது அவர்கள்தான். காதலர் தினத்து மத்தியானம் சங்கத்துக்கு டாமினோ ஆட வருகிறவன் வேறு யாராக இருப்பான்?

செல்வி இங்கே வந்து நின்றதற்குக் காரணம் ஓர் ஒற்றை வரி.

அவர்கள் செய்த ஆராய்ச்சி பெரிய மர்மமொன்றும் இல்லை. அறுபதைத் தாண்டியவர்களைச் சேர்ப்பது, வருஷத்துக்கு ஒருமுறை ஞாபகத்தைச் சோதிப்பது, மூளையைப் படம் எடுப்பது, யாருக்கு எப்போது என்ன குறைகிறது என்று எழுதிவைப்பது. மூன்று வருஷத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். அதில் கறுப்பின ஆண்கள் இரண்டே பேர். ஊரில் நாலில் ஒருவர் கறுப்பினத்தவர். பணம் கொடுக்கும் இடத்திலிருந்து ஏன் என்று கேட்டிருந்தார்கள். டாக்டர் ஆண்டறிக்கையில் ஒரு வரி எழுதித் தந்தார்: ‘இச்சமூகத்து ஆண்கள் ஆர்வம் காட்டவில்லை.’

செல்வி எதையும் சரிபார்க்காமல் டைப் செய்ய மாட்டாள். அந்தக் குணத்தால் அவளுக்கு ஆபீசில் சிநேகிதிகள் குறைவு. தகுதியில்லை என்று திருப்பி அனுப்பியவர்களின் படிவங்கள் இருந்த பீரோவைத் திறந்தாள். கறுப்பின ஆண்கள் இருபத்து மூன்று பேர் வந்து போயிருந்தார்கள். அதில் பத்தொன்பது படிவங்களில் ஒரே காரணம்: ‘ஐந்தாம் கேள்வி: இல்லை.’ பத்தொன்பதும் அவள் கையெழுத்து.

ஐந்தாம் கேள்வி சாட்சி பற்றியது. மறதி வருகிறவனுக்குத் தன் மறதி தெரியாது. கூடவே இருந்து பார்க்கிற ஒருவர்தான் சொல்ல வேண்டும். யார் அந்த ஒருவர்? மனைவி அல்லது பெற்ற பிள்ளை, நேரில் வர வேண்டும் என்று டாக்டர் விதி எழுதியிருந்தார். முதல் நாள் அதைப் படித்தபோது செல்விக்கு அது ஒரு விதியாகவே படவில்லை. தண்ணீர் நனைக்கும் என்பது போல அது ஒரு சேதி. கோபியில் அவள் அப்பா எதையாவது மறந்தால் அம்மாவுக்குத்தான் தெரியும். மாம்பலத்தில் டாக்டரின் அப்பாவுக்கும் அதே கதைதான். ஒரு மனிதனை அவன் வீட்டாரைவிட வெளியாள் ஒருவன் அதிகம் அறிந்திருக்க முடியும் என்று அவர்கள் இரண்டு பேருக்கும் தோன்றியதே இல்லை.

“வீட்ல யாரும் இல்லைங்களா?” என்று அவள் இரக்கத்தோடுதான் கேட்டிருக்கிறாள். இரக்கத்தோடுதான் வாசல் வரை கொண்டு போய் விட்டிருக்கிறாள்.

படிவங்களைத் தூக்கிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனாள்.

“சார், இவங்க வரலைன்னு எழுதறோம். வந்துருக்காங்க. ரெண்டு பஸ் மாறி வந்துருக்காங்க. நாமதான் அனுப்பிச்சுட்டோம்.”

“ரூல்னா ரூல்தானேம்மா. சாட்சி இல்லாம டேட்டாவ எப்படி நம்பறது?”

“பத்தொம்பது பேருங்க சார்.”

“அதுக்கு இப்ப என்ன பண்ணச் சொல்ற?”

“அந்த வரியை எடுத்துருங்க. இல்லீன்னா வேற யாரையாச்சும் டைப் பண்ணச் சொல்லுங்க. நான் பண்ணலைங்க சார்.”

டாக்டர் கோபக்காரர் இல்லை. அவருக்கு நேரம்தான் கிடையாது. “சரி, ஒரு மாசம் டைம். நீயே அவங்களக் கூப்பிட்டுப் பாரு. வரேன்னா என்ன பண்ணலாம்னு யோசிப்போம்” என்றார்.

கூப்பிட்டாள். இரண்டு பேர் இறந்திருந்தார்கள். நான்கு எண்கள் துண்டிக்கப்பட்டிருந்தன. மற்றவர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு மரியாதையாக ஃபோனை வைத்தார்கள். ஒருவர் மட்டும் வைப்பதற்கு முன் சொன்னார்: “அலபாமாவுல எங்க ஆளுங்களுக்கு வியாதின்னு தெரிஞ்சும் மருந்து குடுக்காம நாப்பது வருஷம் வேடிக்கை பாத்தாங்க. போன வருஷந்தான் அதுக்கு மன்னிப்புக் கேட்டாங்க. அதையும் தாண்டி நான் உங்க வாசலுக்கு வந்தேன் பாரு, அதுக்கு என்னைத்தான் செருப்பால அடிச்சுக்கணும்.”

அவர் பேசியது டெக்சஸ் ஆங்கிலம். ஆனால் யார் மனது புண்பட்டுப் பேசினாலும் செல்விக்குள் அது கோபித் தமிழாகத்தான் இறங்கும்.

லூஷியஸ் டாலிவர் மட்டும் ஃபோனை வைக்கவில்லை.

“எங்கப்பாவுக்கு அறுபத்தொம்பதுல எங்கம்மா பேரு மறந்து போச்சு. கவர்மெண்ட் விடுதியில கிடந்து செத்தாரு. சர்டிபிகேட்ல வயசாயிடுச்சுன்னு போட்டுக் குடுத்தாங்க. எங்கண்ணனுக்கும் அதேதான், அதே வார்த்தை. எனக்கு இப்ப அறுபத்தெட்டு. எங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு என்ன ஆகுதுன்னு ஒருத்தராவது பாத்து எழுதி வைக்கணும். அதுக்குத்தான் உங்கிட்ட வந்தேன். நீ என் சம்சாரத்தக் கேட்ட. அவ கல்லறையில இருக்கான்னேன்.”

செல்வி அவருடைய படிவத்தைத் தேடி எடுத்தாள்.

“எனக்கு நானே கையெழுத்துப் போடற புத்தி இன்னும் இருக்கு. எத்தனை நாளைக்கு இருக்கும்னு தெரியாது. அதுக்குள்ள சேத்துக்குவியா, மாட்டியா?”

விஷயம் அதுதான். எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தன் வாயால் விளக்கத் தெரிந்தவனைத்தான் ஆராய்ச்சியில் சேர்க்க முடியும். அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் டாலிவரும் அவருடைய அப்பாவைப் போல ஒற்றை வார்த்தையில் முடிந்துபோவார்.

“சேத்துக்கணும்னுதாங்க கூப்பிட்டேன். ஆனா ரூல் இன்னும் மாறலை” என்றாள்.

“ரூலை எழுதினது யாரு?”

“எங்க டாக்டர்.”

“கூட்டிட்டு வா. அந்த மூஞ்சிய நாங்க பாக்கணும்.”

அப்படித்தான் டாக்டர் ராமசுப்ரமணியன் சனிக்கிழமை மத்தியானம் டை கட்டிக்கொண்டு ஓக் கிளிஃபில் வந்து நின்றார்.

அறையில் நான்கு மேஜைகள் இருந்தன. ஒன்றில்தான் டாமினோ ஆட்டம். டாலிவரும் பிக்ஸும் எதிரெதிர் நாற்காலி, அதாவது ஜோடி. பக்கவாட்டில் ரேஃபோர்டும் வாட்ச்மேனும் எதிர்க்கட்சி. ஆளுக்கு ஏழு காய், மேஜையில் கிடப்பதோடு புள்ளி பொருந்தினால்தான் வைக்கலாம். மற்றவர் கையில் என்ன இருக்கிறது என்று விழுந்த காய்களை வைத்துக் கணக்குப் போட வேண்டும். வைக்கக் காய் இல்லாதவன் மேஜையைத் தட்டித் தன் முறையை விட்டுவிட வேண்டும். காய் இருந்தும் தட்டுவது குற்றம்.

“டாக்டர், வீட்டம்மாவுக்கு ரோஜா வாங்கியாச்சா?” என்றார் ரேஃபோர்ட், தலையைத் தூக்காமல்.

“திரும்பிப் போறப்ப வாங்கணும்.”

“திரும்பிப் போறப்ப கடையில வாடினதுதான் கெடைக்கும். இவரு நம்ம மூளைய சரி பண்ண வந்துருக்காரு!”

எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. பிறகு ஆராய்ச்சியைப் பற்றிப் பேசினார். பத்து நிமிஷம் பேசினார். ஒருவரும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. காய் விழும் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் தண்டவாளத்தோரம் விழாவில் பேசுகிறவர் குரல் போல விட்டுவிட்டுக் கேட்டது.

“சரி, மிஸ்டர் டாலிவரை ரொம்ப நெருக்கமாத் தெரிஞ்சவர் யார்?” என்றார் கடைசியில்.

எல்லாத் தலைகளும் பிக்ஸ் பக்கம் திரும்பின.

“இருபத்திரண்டு வருஷமா வாரம் நாலு நாள் இந்த மூஞ்சிக்கு எதிர்ல உக்காந்திருக்கேன். என் ரெண்டு பொண்டாட்டியையும் சேர்த்தாக்கூட நான் இவ்வளவு நேரம் பாத்ததில்லை” என்றார் பிக்ஸ்.

“அதனாலதான் ரெண்டு பேரும் போயிட்டாங்க” என்றார் வாட்ச்மேன்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அப்ப நீங்களே சொல்லுங்க. போன வருஷத்துக்கு இந்த வருஷம் இவருக்கு மறதி அதிகமா?”

“இல்லை.”

“பேர் மறக்கறது, சொன்னதையே சொல்றது…”

“ஒண்ணும் கெடையாது. இவன் உன்னைவிட நல்லாருக்கான்.”

அந்தச் சமயத்தில் ஓர் ஆட்டம் முடிந்தது. எல்லாரும் மிச்சக் காய்களை மேஜையில் போட வேண்டும். டாலிவர் போட்டார். பிக்ஸின் பெரிய கைகள் இரண்டும் உடனே நீண்டு காய்களைக் கவிழ்த்துக் கலைக்கத் தொடங்கின. டாலிவர் கை எடுத்து முழுசாக ஒரு விநாடி ஆகியிருக்காது. செல்வி அதைப் பார்த்தாள். முந்தைய மூன்று ஆட்டத்திலும் அவர் அப்படியே செய்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. மற்றவர்கள் யாரும் அப்படி அவசரப்படவில்லை.

டாக்டர் அவள் பக்கம் சாய்ந்து தமிழில் முணுமுணுத்தார். “பாத்தியா? இதுக்குத்தான் பொண்டாட்டி வேணுங்கறது. ஃப்ரெண்டுன்னா மறைப்பான்.”

“உங்க வீட்ல மறைக்க மாட்டாங்களா சார்?”

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

செல்வி ரேஃபோர்டிடம் கேட்டாள். “ஏனுங்க, ஜோடி கையில என்ன இருக்குன்னு ஒருத்தர் வாய்விட்டுச் சொன்னா என்னாகும்?”

“மேஜைக்குக் குறுக்க பேசறதா?” ரேஃபோர்ட் அவளை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். “இந்த அறையில அது கூடாதும்மா. நாக்க அறுத்துக்கலாம், பேசக்கூடாது. ஜோடியோட கை ஜோடியோட கைதான்.”

அவளுக்குப் புரிந்தது. பிக்ஸிடம் இனி எத்தனை முறை கேட்டாலும் ‘இல்லை’தான். அந்தக் கிழவர் பொய் சொல்லவில்லை, ஒழுங்காக ஆடிக்கொண்டிருக்கிறார். அவள் பிக்ஸை விட்டுவிட்டு டாலிவரிடம் திரும்பினாள்.

“மிஸ்டர் டாலிவர், அவரு சொல்ல மாட்டாருங்க. நீங்க சொல்லச் சொன்னாத்தான் சொல்லுவாரு.”

அடுத்த ஆட்டத்துக்குக் காய் எடுத்தாகிவிட்டது. டாலிவர் தன் ஏழு காய்களையும் எதிரே நிறுத்தி வைத்திருந்தார். முதுகு நேராக, பஸ்ஸின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்த மாதிரியே. பிறகு விரலால் முதல் காயைத் தள்ளிப் புள்ளி தெரிய மல்லாக்கச் சாய்த்தார். அடுத்தது. அதற்கடுத்தது. ஏழும் எதிரிகளுக்குத் தெரிய மேஜையில் கிடந்தன. சங்கத்தில் அப்படி ஒன்று அதுவரை நடந்ததில்லை. வேடிக்கை பார்த்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

“சொல்லு வெர்னெல்.”

“என்னடா சொல்றது?”

“என் கை எல்லாருக்கும் தெரியுது. இனிமே குறுக்குப் பேச்சு இல்லை. சொல்லு.”

பிக்ஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“நவம்பர்லேருந்து காய் கையில இருந்தும் தட்டறான்” என்றார், யாரையும் பார்க்காமல். “மொதல்ல தந்திரம்னு நெனச்சேன். தந்திரம் இல்லை. ஆட்டம் முடிஞ்சா மிச்சக் காய இவனுங்க பாக்கறதுக்குள்ள நான் கலைச்சிடுவேன். கிறிஸ்துமஸ்ஸப்ப வீட்டுக்குப் போற வழியில ரெண்டு தடவை எங்க திரும்பணும்னு கேட்டான். அந்த ரூட்ல பஸ் ஓட்டினவன். என் மொத சம்சாரத்த ரெண்டாமவ பேரச் சொல்லி விசாரிக்கறான். அது நானும் செஞ்சிருக்கேன், அதைக் கணக்குல சேக்காதே.”

டாலிவர் பிக்ஸைப் பார்த்தார். “இது எனக்குத் தெரியாது” என்றார்.

“தெரிஞ்சா அது மறதியே இல்லைடா.”

“எங்களுக்கும் தெரியும்” என்றார் ரேஃபோர்ட். “வெர்னெல் என்ன மந்திரவாதியா, மறைக்கறதுக்கு? மூணு மாசமா நாங்க குத்தம் போடலை, அவ்வளவுதான்.”

டாலிவர் ரேஃபோர்ட் பக்கம் திரும்பினார். “அப்ப இந்த மூணு மாசம் நான் ஜெயிச்சதெல்லாம் நீங்க விட்டுக்குடுத்ததா?”

“எல்லாம் இல்லை. நாங்க அவ்வளவு நல்லவங்க இல்லை.”

முதலில் சிரித்தவர் டாலிவர்தான். உரக்கச் சிரித்தார். பிறகு டாக்டரை நோக்கி ஒரு விரலை நீட்டினார். அந்த விரல் முப்பத்தொரு வருஷம் பயணிகளைப் பின்னால் நகரச் சொன்ன விரல்.

“கலிஃபோர்னியாவுல, ஓக்லண்டுல எனக்கு ஒரு மக இருக்கா. உன் ரூல்படி அவதான் சாட்சி. ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்ணி மழை பெய்யுதாப்பான்னு கேப்பா. அவளுக்கு இதுல ஒண்ணு தெரியுமா? எழுதிக்கோ டாக்டர். நீ தேடற சாட்சி இதோ தொப்பியப் புடிச்சுட்டு உக்காந்திருக்கான்.”

டாக்டர் ராமசுப்ரமணியன் எழுதவில்லை. தலை குனிந்தார். பிறகு சொன்னதைச் செல்வி வெகுநாள் மறக்கவில்லை. அந்த மனிதர் அப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை.

“நான் தப்பா எழுதிட்டேன். எனக்குத் தெரிஞ்ச வீடுங்களை மட்டும் வெச்சு எழுதிட்டேன். மாத்தறேன்.”

“மாத்தறது மட்டும் போதாது” என்றார் ரேஃபோர்ட். சங்கத்தில் பேரம் பேசியே பழகிய வாய். “எங்க தலைக்குள்ள என்ன பாத்தாலும் எங்ககிட்ட சொல்லணும். ஃபைல்ல போட்டு மூடக்கூடாது. ரூல் எழுதற ரூம்ல எங்கள்ல ஒருத்தன் உக்காரணும். உக்காந்திருந்தா இந்த ஐந்தாம் கேள்விய மொத நாளே கிழிச்சிருப்பான்.”

“மொதல்லது என் கையில இருக்கு, செய்யறேன். ரெண்டாவதுக்குக் கமிட்டியைக் கேக்கணும். டைம் ஆகும்.”

“கேளு. ஆனா சீக்கிரம் கேளு. இவன் பஸ் டிரைவரு. இவனுக்காக ஊரே காத்திருந்துதான் பழக்கம், இவனுக்குக் காத்திருந்து பழக்கமில்லை.”

டாக்டர் அன்று வீட்டுக்குப் போனபோது ஏழு மணி. ரோஜா கிடைத்ததா என்று செல்வி கேட்கவில்லை.

கமிட்டி எட்டு வாரம் எடுத்துக்கொண்டது, அதுவரை புதிதாக ஒருவரையும் சேர்க்கவில்லை. விதி மாறியது: ஐந்து வருஷமாவது பழகி, வாரம் ஒருமுறையாவது நேரில் பார்க்கிற எவரும் சாட்சி. ரேஃபோர்ட் காய்னுக்குக் கமிட்டியில் நாற்காலி கிடைத்தது. முதல் கூட்டத்திலேயே கேள்வித்தாளில் மூன்று கேள்விகளை அடித்துக் காட்டினார். அந்த எட்டு வாரமும் செல்வி திங்கள் தவறாமல் டாலிவருக்கு ஃபோன் செய்தாள். ஒரு திங்கள் அவர், “எந்த செல்வி?” என்று கேட்டார். அன்று அவள் மத்தியானச் சாப்பாட்டைத் திறக்கவேயில்லை.

ஏப்ரல் பதினாலு, செவ்வாய், செல்வியின் ஆபீஸ். டாலிவர் சாம்பல் நிற கோட்டு, மெருகேற்றிய ஷூ. கூட பிக்ஸ். சம்மதப் பத்திரத்தைச் செல்வி முழுக்கப் படித்துக் காட்டினாள். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

“இதுல எதுக்குச் சம்மதிக்கறீங்கன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க மிஸ்டர் டாலிவர்.”

அவள் எடுத்துக் கொடுக்கக் கூடாது. பிக்ஸும் கூடாது. டாலிவர் ஜன்னலைப் பார்த்தார். கடிகாரத்தில் ஒரு நிமிஷம் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. பிக்ஸ் தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டிருந்தார். செல்வி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“வருஷத்துக்கு ஒரு தடவை கேள்வி கேப்பீங்க” என்றார் டாலிவர். “மண்டைக்குள்ள படம் எடுப்பீங்க. இது வைத்தியம் இல்லை. எனக்கு இதுல குணமாகாது. பிடிக்கலைன்னா எந்திரிச்சுப் போயிடலாம், யாரும் கேக்க முடியாது. நான் எதை மறந்தேன்னு இவன் சொல்லுவான்.” நிறுத்தினார். வேண்டிய வார்த்தை கிடைக்கவில்லை. அவசரப்படாமல் தேடினார், கிடைத்தது. “எனக்கப்புறம் வர்ற ஆம்பளைங்களுக்கு வயசாயிடுச்சுன்னு மட்டும் எழுத மாட்டீங்க.”

“சரிங்க” என்றாள் செல்வி. அவர் கையெழுத்துப் போட்டார். லூஷியஸ் டாலிவர் என்று முழுப் பெயர், ஓர் எழுத்தையும் சுருக்கவில்லை. தகுதி என்ற கட்டத்தில் அவள் ‘உண்டு’ என்று எழுதினாள். முந்நூற்றுப் பதின்மூன்று.

வராந்தாவில் அன்று அதே சங்கத்திலிருந்து இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள். ஒவ்வொருவனும் தன் சாட்சியோடு வந்திருந்தான். சர்ச்சில் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறவன், மீன் பிடிக்கப் போகிறவன், ஒருவருக்குப் பக்கத்து வீட்டுக்காரி. கல்யாண வீட்டு வாசல் மாதிரி சத்தம். டாக்டர் தன் அறையிலிருந்து வந்து நாற்காலி போதாமல் நிற்கிறவர்களைப் பார்த்தார். தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து போட்டார்.

படம் எடுக்கும் அறைக்குச் செல்வியே டாலிவரைக் கூட்டிப் போனாள். உள்ளே பெரிய காந்தம். இரும்பு எதுவும் கூடாது என்று டெக்னீஷியன் பிச்சுமணி சொன்னான். கடிகாரம், பெல்ட், சாவிக்கொத்து எல்லாவற்றையும் டாலிவர் கழற்றி ஒரு தட்டில் வைத்தார்.

“உள்ள யாரு கூட வருவா?”

“யாரும் வர முடியாதுங்க. நீங்க மட்டுந்தான்.”

“நல்லது” என்றார். பெல்ட் இல்லாத பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து, யார் கையையும் பிடிக்காமல் உள்ளே நடந்தார். பிச்சுமணி அந்தக் கனத்த கதவைத் தோளால் தள்ளிச் சாத்தி, பிடியைத் திருப்பிப் பூட்டினான்.